பழைய காரின் முன்பக்கத்தில் சத்தமா?

நம் நாட்டுச் சாலைகளில் பழைய கார்கள் நிறைய ஓடுகின்றன. அம்பாசிடர் கார் மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாராவில் தயாரானது. 1950-களின் இறுதியில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு 2014-இல் நின்றது. மாருதி 800 கார் 1983-இல் வந்தது. அதன் தயாரிப்பும் 2014-இல் நின்றது. ஆனால் விற்ற கார்கள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடிக்கொண்டு இருக்கின்றன.

பழைய காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் சிறு வருமானக்காரர்கள். சிலர் குடும்பத்துக்காக வாங்குகிறார்கள். சிலர் பிழைப்புக்காக வாங்குகிறார்கள். வாங்கிய சில மாதங்களில் காரின் முன்பக்கத்தில் ஏதோ ஒரு சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பள்ளத்தில் இறங்கினால் "டக்" என்கிறது. திரும்பினால் "டிக் டிக்" என்கிறது. வேகம் போனால் "உம்ம்" என்று முனகுகிறது.

அப்போது சிலர் பாட்டை உரக்க வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வேறு சிலர் பயந்துபோய், ஒர்க்‌ஷாப்பில் சொன்னதை எல்லாம் மாற்றுகிறார்கள். பணம் போகிறது. சத்தம் போவதில்லை.

இரண்டும் தவறு. சத்தம் என்பது ஓர் அறிவிப்பு. எந்தப் பாகம் தேய்ந்தது என்பதை அது சொல்கிறது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகினால் பணம் மிஞ்சும். உயிரும் தப்பும்.

முன்பக்கத்தில் என்ன இருக்கிறது?

காரின் முன்பக்கம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வண்டியின் எடையைத் தாங்குகிறது. வண்டியைத் திருப்புகிறது. ஆகவே அங்கே அசையும் பாகங்கள் அதிகம். அசைவது தேயும். தேய்ந்தது சத்தம் போடும்.

ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். அதன் தண்டு கீழே போகிறது. தண்டின் முனையில் ஒரு சிறிய பல் சக்கரம் இருக்கிறது. அது ரேக் என்னும் பல் வைத்த நீண்ட கம்பியை இடமும் வலமும் நகர்த்துகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் டை ராடுகள் உள்ளன. அவை சக்கரத்தைத் தள்ளுகின்றன, இழுக்கின்றன. மாருதி 800, அம்பாசிடர் இரண்டிலும் இந்த வகை ஸ்டியரிங்தான்.

டை ராடின் முனையில் ஒரு குண்டு மூட்டு உண்டு. அதை டை ராட் எண்ட் என்பார்கள். சக்கரத்துக்கு அடியில், லோயர் ஆர்ம் முனையில் இன்னொரு குண்டு மூட்டு உண்டு. அது பால் ஜாயிண்ட். நம் தோள்பட்டை மூட்டைப் போன்றவை இவை. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும். கிண்ணம் தேய்ந்தால் குண்டு லொட லொட என்று ஆடும்.

இரும்பும் இரும்பும் இணையும் சில இடங்களில் ரப்பர் புஷ் வைத்திருப்பார்கள். அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ரப்பர் காய்ந்து வெடித்தால் இரும்போடு இரும்பு மோதும்.

பள்ளம் மேட்டில் வண்டி குதிக்காமல் இருக்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உள்ளன. சக்கரம் வழுக்கிச் சுழல வீல் பேரிங் உள்ளது.

எப்போது கேட்கிறது?

சத்தத்தை விட முக்கியமானது, அது கேட்கும் நேரம். ஒரே "டக்" சத்தம் பத்து காரணங்களால் வரலாம். ஆனால் எப்போது வருகிறது என்று தெரிந்தால் பத்து காரணம் இரண்டாகக் குறையும். ஆகவே ஒரு சிறு நோட்டை வண்டியில் வையுங்கள். சத்தம் கேட்டதும் ஓரமாக நிறுத்தி, இவற்றை எழுதுங்கள்.

நேராகப் போகும்போதா, திரும்பும்போதா?
இடப்பக்கம் திரும்பும்போதா, வலப்பக்கமா?
பள்ளத்தில் இறங்கும்போதா?
பிரேக் பிடிக்கும்போதா?
எத்தனை கிலோமீட்டர் வேகத்தில்?
வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்கிறதா?

இதற்கு எழுத்தும் எண்ணும் தெரிந்தால் போதும். இரண்டு நாள் எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரியும்.

முதலில் எளியதைப் பாருங்கள்

பெரிய செலவுக்கு முன் சிறிய காரணங்களைத் தேடுங்கள். வீல் கப் தளர்ந்திருந்தால் கட கட என்னும். டயர் பள்ளத்தில் சிக்கிய கல் தார்ச் சாலையில் டிக் டிக் என்னும். பானெட் சரியாக மூடாவிட்டாலும் சத்தம் வரும். தளர்ந்த சைலன்சர் பள்ளத்தில் தட்டும். பின்னால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் உருண்டால்கூட முன்னால் கேட்பது போல இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கர நட்டுகளைச் சோதியுங்கள். அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால் கட்டாயம் பாருங்கள். நட்டு தளர்ந்தால் குறைந்த வேகத்திலேயே சக்கரம் ஆடும், டக் டக் என்னும். அப்படியே ஓட்டினால் சக்கரமே கழன்று போகலாம். நட்டை வரிசையாக இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கிய பின் அதற்கு எதிரே உள்ளதை இறுக்க வேண்டும்.

திரும்பும்போது "டிக் டிக் டிக்"

மாருதி 800 போன்ற கார்களில் இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது ஆக்சில் தண்டு. அதன் முனையில் சிவி ஜாயிண்ட் இருக்கிறது. சக்கரம் திரும்பியிருந்தாலும் சுழல இந்த மூட்டுதான் உதவுகிறது. உள்ளே எஃகுக் குண்டுகளும் கிரீஸும் உள்ளன. மேலே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. இதை பூட் என்பார்கள்.

உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மண்ணும் நீரும் உள்ளே போகும். குண்டுகள் தேயும். பிறகு வளைவில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் "டிக் டிக் டிக்" என்று கேட்கும்.

சோதிப்பது எளிது. ஆள் இல்லாத காலி மைதானத்துக்குப் போங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மெதுவாக வட்டமடியுங்கள். பிறகு மறுபக்கம். இடப்பக்கம் சுற்றும்போது சத்தம் அதிகமானால் பெரும்பாலும் வலச் சக்கரத்தின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும். வலப்பக்கம் சுற்றும்போது என்றால் இடச் சக்கரம். வட்டத்தில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குத்தான் சுமை அதிகம்.

உறை மட்டும் கிழிந்து சத்தம் வராமல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஜாயிண்டைக் கழுவி, புதிய கிரீஸும் உறையும் போட்டால் போதும். தாமதித்தால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும். சிறு செலவு பெரும் செலவாகும்.

அம்பாசிடரில் இந்தச் சத்தம் வராது. அதில் இன்ஜின் பின்சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது.

நின்றபடி திருப்பினால் "டொய்ங்"

வண்டி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முறுக்கிய கம்பி விடுபட்டது போல "டொய்ங்" என்று சத்தம். மாருதி 800 போன்ற கார்களில் ஷாக் அப்சார்பரின் மேல் முனை பானெட்டுக்கு உள்ளே தெரியும். அங்கே ஒரு ரப்பர் தாங்கியும் பேரிங்கும் உள்ளன. அந்த பேரிங் இறுகிப் போனால் ஸ்பிரிங் எளிதாகச் சுழலாது. முறுக்கிக்கொண்டு, பிறகு துள்ளி விடுபடும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து, அந்த மேல் முனையில் உள்ளங்கையை வையுங்கள். இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். துள்ளல் கையில் தெரிந்தால் கோளாறு அங்கேதான். கீழே ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே விரலை விடாதீர்கள்.

பள்ளத்தில் "டக்"

பள்ளத்தில் வரும் சத்தத்துக்குக் காரணங்கள் பல. பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாமே "டக்" என்னும்.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க, முன் மட்கார்டைப் பலமாக அழுத்தி விடுங்கள். வண்டி ஒருமுறை எழுந்து அமைதியாக வேண்டும். இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடினால் ஷாக் அப்சார்பர் சோர்ந்துவிட்டது. அதன் உடம்பில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

புஷ் என்றால் ரப்பர் வெடித்திருப்பது கண்ணுக்கே தெரியும். பால் ஜாயிண்டையும் டை ராட் எண்டையும் கண்டுபிடிக்கச் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

கடிகாரச் சோதனை

வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். கைபிரேக்கைப் போடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியால் ஒரு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி சரிந்தால் உயிர் போகும்.

இப்போது சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி இடத்தில் ஒரு கை, 6 மணி இடத்தில் ஒரு கை. மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். எது என்று அறிய ஒரு வழி உண்டு. ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டில்.

அடுத்து, 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கு மட்டும் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட். அல்லது ரேக். டை ராட் எண்டின் மேல் ஒருவர் விரலை வைத்திருந்தால் ஆட்டம் விரலில் தெரியும். மறு சக்கரத்துக்கும் இப்படியே செய்யுங்கள்.

நேராகப் போகும்போது "உம்ம்"

வேகம் கூடக் கூட முனகலும் கூடினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஆனால் டயரும் இப்படி முனகும். வேறுபாடு என்ன? டயர் சத்தம் சாலை மாறினால் மாறும். பேரிங் சத்தம் மாறாது. அகலமான, காலியான சாலையில் ஸ்டியரிங்கைச் சற்றே இடப்பக்கம் திருப்பினால் எடை வலப்பக்கம் சாயும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் முடுக்கினாலும் அதே சத்தம் கேட்டால், காரணம் சக்கரம் அல்ல, இன்ஜின் பக்கம்.

60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால், முதலில் ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீல் பேலன்சிங் செய்ய வேண்டும். டயரில் எங்காவது புடைத்திருந்தால் அந்த டயரில் ஓட்டக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் சீராக இல்லை என்று பொருள். "கிரீச்" என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். "கர கர" என்று இரும்பு உரசினால் பேட் தீர்ந்துவிட்டது.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் இரண்டு முன் டயர்களின் காற்றையும் அளவு பாருங்கள். காற்று சரியாக இருந்தும் இழுத்தால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடானால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சூட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கையை அருகே கொண்டு போனாலே தெரியும்.

ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வையுங்கள். ஸ்டியரிங்கை ஒரு விரலால் மெதுவாக இரு பக்கமும் அசையுங்கள். சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் அசையும் அளவுதான் வெற்று ஆட்டம். மெக்கானிக்குகள் இதை "பிளே" என்பார்கள்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி ஸ்டியரிங்கைப் பற்றியது. பிளே 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே உள்ள அளவுதான் 30 டிகிரி. ஸ்டியரிங் இணைப்பில் உள்ள பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

ஆனால் இது சட்டத்தின் கடைசி எல்லை. நல்ல நிலையில் உள்ள மாருதி 800 போன்ற காரில் ஸ்டியரிங்கின் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வெறுமனே அசையாது. அதற்கு மேல் போனால் காரணத்தைத் தேடுங்கள்.

எது ஆபத்து?

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. ஸ்டெபிலைசர் புஷ் தட்டினால் எரிச்சல்தான். மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகலாம். சிவி ஜாயிண்ட் டிக் டிக் என்றாலும் மெதுவாகப் போய்ச் சேரலாம். நாள் கடத்தினால் நடு வழியில் வண்டி நிற்கும்.

பால் ஜாயிண்ட் அப்படி அல்ல. குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால், சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து மடங்கிவிடும். வண்டியின் மூக்கு தரையில் உரசும். டை ராட் எண்ட் கழன்றால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் அந்தச் சக்கரம் திரும்பாது. எதிரே லாரி வரும் சாலையில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? வண்டிக்குள் இருப்பவர்கள் மட்டும் அல்ல, சாலையில் நடப்பவர்களும் பலியாவார்கள்.

ஆகவே பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் ஆகியவற்றில் தெளிவான ஆட்டம் தெரிந்தாலும், சக்கர நட்டு நிற்காமல் தளர்ந்தாலும், பிரேக்கில் இரும்பு உரசினாலும் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழையுங்கள். ஒரு நாள் சவாரி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் எப்படிப் பேசுவது?

"டை ராட் எண்ட் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அது தவறாக இருந்தாலும் மாற்றிவிடுவார்கள். பணம் உங்களுடையது. நோட்டில் எழுதியதைச் சொல்லுங்கள். "30 கிலோமீட்டர் வேகத்தில், பள்ளத்தில், இடப்பக்கம் டக் என்கிறது. சமமான சாலையில் இல்லை" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இதுவே பாதி வேலை.

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சத்தத்தைக் கேட்கச் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி, ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாகம், என்ன விலை, என்ன கூலி என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். புதிய பாகத்தின் பெட்டியில் கம்பெனி பெயரும் விலையும் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லும் வாங்குங்கள்.

சிலர் தேய்ந்த பால் ஜாயிண்டைச் சுத்தியால் தட்டி இறுக்கித் தருவார்கள். வெல்டிங் வைப்பவர்களும் உண்டு. இன்று ஆட்டம் நிற்கும். நாளை அது எப்போது கழலும் என்று யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

டை ராட் எண்டை மாற்றினால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். நட்டில் போடும் ஸ்பிளிட் பின் புதியதாக இருக்கட்டும். பழையதை நிமிர்த்திப் போட்டால் ஒடிந்துவிடும்.

சத்தம் வராமல் தடுக்க

மாதம் ஒருமுறை ரப்பர் உறைகளைப் பாருங்கள். சேற்றில் ஓட்டிய பின் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். டயரில் சரியான காற்று வையுங்கள். அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தில் உள்ள கிரீஸ் நிப்பிள்களில் தவறாமல் கிரீஸ் அடியுங்கள். வேகத்தடையிலும் பள்ளத்திலும் மெதுவாக ஏறி இறங்குங்கள். பள்ளத்துக்குள் இறங்கிய பின் பிரேக் பிடிக்காதீர்கள். முன்பே பிடித்து, இறங்கும்போது விட்டுவிடுங்கள்.

நினைவில் வையுங்கள்

சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.
எப்போது கேட்கிறது என்று எழுதி வையுங்கள்.
எளிய காரணத்தை முதலில் தேடுங்கள்.
ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.
பால் ஜாயிண்டும் டை ராட் எண்டும் ஆடினால் வண்டியை எடுக்காதீர்கள்.

விடை சொல்லுங்கள்

1. வலப்பக்கம் வட்டமடிக்கும்போது டிக் டிக் என்றால் எந்தச் சக்கரத்தின் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும்?
2. 12 மணி, 6 மணி இடங்களில் ஆட்டம் தெரிகிறது. பேரிங்கா, பால் ஜாயிண்டா என்று எப்படி அறிவீர்கள்?
3. டயர் சத்தத்துக்கும் பேரிங் சத்தத்துக்கும் என்ன வேறுபாடு?
4. உங்கள் ஊரில் கார் ஓட்டும் ஒருவரிடம் பேசுங்கள். அவர் வண்டியில் கேட்கும் சத்தத்தை நேரம், வேகம், பக்கம் குறித்து நான்கு வரியில் எழுதுங்கள்.